துபாயின் பின்கட்டு

"கசகசா மட்டும் வேண்டாம்க்கா!"

துபாய் போவதென்று முடிவானதும் என் சித்தி பையனிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்த முதல் குரல் பதிவு இதுதான். புர்ஜ் கலீஃபா பற்றி ஒரு வார்த்தை இல்லை. பனிச்சறுக்கு பற்றியும் இல்லை. கசகசா! நாம் குருமாவுக்கு அரைத்துவிடும் அதே அப்பாவிச் சரக்குதான். அபினிச் செடியின் விதை என்பதால் அமீரகத்தில் அதற்குத் தடை. ஒரு சின்னப் பொட்டலம் பெட்டியில் இருந்தாலும் வம்பு. குழம்புப் பொடியை மூன்றாவது தடவையாகச் சலித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்ப்பதற்குள் அடுத்த பதிவு வந்தது.

"பெரியம்மாகிட்ட சொல்லிடுக்கா. வெத்தலையும் கூடாதாம்."

அம்மா அரை மணி நேரம் யாரோடும் பேசவில்லை. நாற்பது வருஷப் பழக்கம். கடைசியில் கேட்டாள்: "அப்ப அந்த ஊர்ல மனுஷங்க என்னத்தைத்தான் மெல்லுவாங்க?" மெட்ரோவில் சூயிங் கம் மென்றாலே நூறு திர்ஹம் அபராதம் என்பதை அந்த நேரத்தில் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

அரையாண்டு விடுமுறை. திருச்சியிலிருந்து நேராக விமானம், நாலு மணி நேரப் பறப்பு. கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளிவைத்தால் துபாய். நானும் வீட்டுக்காரரும், நாலாம் வகுப்புப் பையனும், யூகேஜி மகளும், வெற்றிலை இல்லாத அம்மாவும். எங்களை அழைக்க வந்த தம்பிக்கு (குரல் பதிவு அனுப்பிய அதே சித்தி பையன்தான்) அங்கே பதினோரு வருஷ வேலை. என்ன வேலை என்று கேட்டால் "சில்லர் பிளான்ட்டுல ஆபரேட்டர்" என்பான். ஊரில் யாருக்கும் அது புரியாததால், "ஏசி மெக்கானிக்" என்றே மன்னார்குடி முழுக்கப் பெயர்.

ஒன்று சொல்ல வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போனால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே முன்கட்டில் இருப்புக் கொள்ளாது. மேளம், மாலை, போட்டோ எல்லாம் ஐந்து நிமிஷத்தில் அலுத்துவிடும். பின்கட்டுக்கு ஓடுவேன். கோட்டை அடுப்பு, அண்டா, தவசிப்பிள்ளை போடும் சத்தம், ஒரு மூலையில் மலைபோல் நறுக்கிக் குவித்த பூசணி. அங்கேதான் கல்யாணம் நடக்கும். அதனால் விமான நிலையத்து வாசலிலேயே தம்பி சொன்ன வார்த்தை எனக்குப் பாயசம் குடித்ததுபோல் இருந்தது.

"டூர்க்காரங்க காட்டுறதை நீங்களே பார்த்துக்கலாம்க்கா. நான் பின்னாடி என்ன நடக்குதுன்னு சொல்றேன். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கிட்டே வாங்க, போதும்."

"என்ன கேள்வி மாமா?" என்றான் என் பையன்.

"இதுக்குத் தண்ணி எங்கேருந்து வருது?"

அவ்வளவுதான். வாரம் முழுக்க என் பிள்ளை வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

முதல் பதில் காரில் போகும்போதே கிடைத்தது. "அந்தக் கட்டடத்தைப் பாரு. சுவத்துல ஏசிப் பெட்டி தெரியுதா?" தெரியவில்லை. நம் ஊரில் அடுக்குமாடிக்கு அழகே அந்தப் பெட்டிகள்தானே, தேன்கூடு மாதிரி தொங்கிக்கொண்டு! இங்கே புதிய பகுதிகள் பலவற்றில் வீட்டுக்கு வீடு இயந்திரம் கிடையாதாம். பேட்டைக்கு ஒரு சில்லர் பிளான்ட். அங்கே தண்ணீரை ஐந்து டிகிரி அளவுக்குக் குளிரவைத்து, ரோட்டுக்கு அடியில் பெரிய குழாய்களில் அனுப்பிவிடுகிறார்கள். அது கட்டடத்துக்குள் போய், அறைகளின் சூட்டை வாங்கிக்கொண்டு, பதின்மூன்று பதினாலு டிகிரியாகத் திரும்பி வரும். மறுபடி குளிரவைத்து மறுபடி அனுப்ப வேண்டும். இரவும் பகலும் இதுதான் இவன் வேலை. பிளான்ட்டுக்குள் எங்களை விட மாட்டார்கள். போனில் ஒரு காணொளி காட்டினான். லாரி அளவு இயந்திரங்கள் வரிசையாக நிற்க, காதடைப்பான் மாட்டிக்கொண்டு நடுவில் இவன். "நாம நடக்குற ரோட்டுக்குக் கீழே ஒரு குளிர் ஆறு ஓடுதுக்கா" என்றான். வர்ணித்துச் சொல்லவில்லை. அவனுக்கு அது ட்யூட்டி விவரம்.

கோடைக் கதை ஒன்றும் சொன்னான். ஜூன், ஜூலையில் மொட்டைமாடித் தொட்டி கொதித்து, குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீரே கை பொறுக்காதாம். அப்போது இங்கே இருப்பவர்கள் வாட்டர் ஹீட்டரை அணைத்துவிடுவார்கள். ஹீட்டர் தொட்டி ஏசி வீட்டுக்குள் இருப்பதால் அதில் நிற்கும் தண்ணீர் ஆறிவிடும். பிறகென்ன, வெந்நீர்க் குழாயைத் திறந்தால் குளிர்ந்த நீர், தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர்! என் வீட்டுக்காரர் இதை நம்பவே இல்லை. கராமா என்ற பேட்டையில் காபி குடிக்கப் போன இடத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் விசாரித்தார். அவர் சிரித்துக்கொண்டே "எங்க வீட்லயும் அதான் சார்" என்றார். அவருக்குக் கும்பகோணமாம்.

மறுநாள் பனி.

மால் ஆஃப் தி எமிரேட்ஸ் என்ற கடைவளாகத்துக்குள் இருக்கிறது ஸ்கி துபாய். 2005இல் திறந்தது. 22,500 சதுர மீட்டர் பனி. அதில் 85 மீட்டர் உயரத்துக்கு ஒரு மலை. எங்கள் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை உள்ளே தூக்கி வைத்தாலும் மலைக்குத்தான் உயரம் அதிகம். சரிந்து இறங்கும் பாதைகளில் நீளமானது 400 மீட்டர். ஒரு பக்கம் செருப்புக் கடை, இன்னொரு பக்கம் வாசனைத் திரவியக் கடை, நடுவில் கண்ணாடிக்கு அந்தப்புறம் ஜனங்கள் மூக்கிலிருந்து புகை விட்டுக்கொண்டு சறுக்குகிறார்கள்!

அம்மா வெளியே உட்கார்ந்து பார்ப்பதாகத்தான் ஏற்பாடு. கடைசி நிமிஷத்தில் "நானும் வரேன்" என்று எழுந்துவிட்டாள். உள்ளே போகிறவர்களுக்குப் பனிக் கோட்டு, பேன்ட், பூட்ஸ் அங்கேயே தருகிறார்கள். அறுபத்து மூன்று வயதில் முதல்முதலாக அம்மா பேன்ட் போட்ட காட்சியை எப்படிச் சொல்வேன்! சுங்குடிச் சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் தோளைப் பற்றி, ஒரு காலை நுழைத்தாள். சேலை முழுக்க உள்ளே போனதும் பேன்ட் பூசணிக்காய் மாதிரி உப்பிக்கொண்டது. உதவிக்கு வந்த பிலிப்பைன்ஸ் பெண் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள். அம்மா கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்கப்பா இருந்திருந்தா அடையாளம் தெரியாம போயிருப்பாரு."

பகலில் உள்ளே பூஜ்ஜியத்துக்குக் கீழே ஒன்றிரண்டு டிகிரி. நிஜ வேலை ராத்திரிதான். கூட்டம் கிளம்பியதும் குளிரை ஏழு எட்டு டிகிரி மைனஸ் வரைக்கும் இறக்கிவிடுகிறார்கள். கூரைப் பக்கமிருந்து பனிப் பீரங்கிகள் குளிர்ந்த நீரைப் பொடிப்பொடித் துளியாகத் தூவும். அதனுள்ளே கண்ணுக்குத் தெரியாத பனித்துகள் விதைபோல இருக்க, அதைச் சுற்றித் துளி உறைந்து பனியாகக் கீழே இறங்கும். கலப்படம் ஒன்றுமில்லை, தண்ணீரும் குளிரும்தான். இப்படி ஒரு ராத்திரியில் சுமார் 30 டன். பிறகு சங்கிலிச் சக்கரம் பூட்டிய வண்டிகள் வந்து பனியைச் சமன் செய்துவிட்டுப் போகும். நாம் வாசல் பெருக்கிக் கோலம் போடுவதுபோல் பொழுது விடிவதற்குள் முடித்தாக வேண்டும். பழைய பனியும் வீணாவதில்லை. அதை எடுத்து உருக்கும்போது கிடைக்கும் குளிர்ச்சி, கடைவளாகத்துக்குள் வரும் காற்றை முன்கூட்டியே ஆற்றுவதற்குப் போகிறது.

"இதுக்குத் தண்ணி எங்கேருந்து மாமா?"

"கடல்லேருந்துடா. உப்பெடுத்த தண்ணி."

கேட்டுக்கொண்டிருந்த என் மகள், யாரும் தடுப்பதற்குள் ஒரு கை பனியை அள்ளி வாயில் போட்டுவிட்டாள். யோசித்துச் சுவைத்தாள். "பொய் சொல்றாரு மாமா. உப்பே இல்ல."

இங்கே பென்குவின்களும் உண்டு, கிங், ஜென்டூ என்று இரண்டு வகை. 2012இல் வந்தவை. தினமும் நேரத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். அடுத்த பந்திக்கு இடம் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி, அவசரத்தை வெளிக்காட்டாத அவசரத்தோடு வரிசையாக நடந்து வருகின்றன.

பனியில் உருண்டு எழுந்த தம்பியின் முகத்தைப் பார்த்தேன். பிள்ளைகளைவிடக் குஷியாக இருந்தான். "நீ எத்தனை தடவை வந்திருக்கே?" என்று கேட்டேன். "இதான்க்கா முதல் தடவை." பதினோரு வருஷம். டிக்கெட் விலையை ஊர்க் கணக்கில் பெருக்கிப் பார்ப்பானாம், அதோடு ஆசை போய்விடுமாம்.

துபாய் மாலில் இருக்கும் மீன்காட்சியகத்துக்கு ஒரு குறிப்பு: பெரிய தொட்டியின் முன்பக்கத்தை நடைபாதையிலிருந்தே காசில்லாமல் பார்க்கலாம். நாங்கள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டோம். ஒரு கோடி லிட்டர் நீர். அதைத் தாங்கி நிற்கும் பலகை கிட்டத்தட்ட 33 மீட்டர் அகலம், எட்டு மீட்டருக்கு மேல் உயரம், 75 சென்டிமீட்டர் தடிமன். கண்ணாடி அல்ல, அக்ரிலிக். கண்ணாடியைவிட எடை குறைவு. ஒளி அதில் வளையும் அளவு, கண்ணாடியைவிடத் தண்ணீருக்குக் கொஞ்சம் நெருக்கம். அத்தனை தடிமன் இருந்தும் காட்சி தெளிவாகத் தெரிகிறது. சுறாவும் திருக்கையும் போய்க்கொண்டிருக்க, என் பிள்ளைகள் கைதட்டியது யாருக்குத் தெரியுமா? உள்ளே இறங்கி, பஞ்சுத் தேய்ப்பான் வைத்துப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த முக்குளிப்பு ஆளுக்கு! அவர் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கை காட்டினார். பின்னால் ஒரு சுறா மெதுவாகக் கடந்துபோனது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அடுப்பு மேடை துடைக்கும்போது பூனை போனால் பார்ப்பேனா?

அடுத்தது புர்ஜ் கலீஃபா. 828 மீட்டர். பதினோரு ராஜகோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் கொஞ்சம் குறையும். 2010 ஜனவரி 4ஆம் தேதி திறந்தார்கள். அன்றுவரை அதற்கு புர்ஜ் துபாய் என்று பெயர். திறக்கும்போதுதான் அபுதாபி ஷேக்கின் பெயரை வைத்தார்கள். 124ஆவது மாடிக்கு மின்தூக்கி ஒரு நிமிஷத்தில் கொண்டுபோய் விட்டது. அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். மேலேயிருந்து பார்த்தால் ஊர் தெரிந்தது; வேறென்ன தெரியும். எல்லோரும் அதைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, எங்கள் குழு கண்ணாடியையே படம் எடுத்தது. 24,348 ஜன்னல்களாம். கட்டடத்தைச் சுற்றித் தண்டவாளம்போல் பதித்திருக்கும் பாதைகளில் இயந்திரத் தொட்டில் நகர, ஆட்கள் அதில் நின்று கழுவுகிறார்கள். ஒரு சுற்று முடிய மூன்று நாலு மாதம். முடித்துவிட்டுக் கீழே இறங்கினால் முதல் ஜன்னலில் புழுதி ஏறியிருக்கும்!

கட்டும்போதும் ராத்திரி வேலைதான். கோடையில் பகலில் கான்கிரீட் போட்டால் சீக்கிரம் இறுகி வெடிப்பு விடும். அதனால் கலவையில் ஐஸ் போட்டு, ராத்திரியில் ஊற்றினார்கள். நோன்பு மாதத்து விஷயம் ஒன்றும் தம்பி சொன்னான். உயரத்தில் இருப்பவர்களுக்குச் சூரியன் மறைவது தாமதமாகத் தெரியும் அல்லவா? எண்பதாவது மாடிக்கு மேலே இருப்பவர்கள் நோன்பு திறக்க இரண்டு நிமிஷமும், நூற்றைம்பதுக்கு மேலே மூன்று நிமிஷமும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்று 2011இல் துபாயின் தலைமை முஃப்தி தீர்ப்புச் சொன்னார். ஒரே கட்டடத்தில் மூன்று அந்தி!

ஆனால் எங்கள் பையன் மயங்கி விழுந்தது இன்னொரு விவரத்தில். கடற்கரை ஊரின் ஈரக்காற்று அந்தக் கட்டடத்தின் குளிர்க் குழாய்களில் பட்டு வியர்த்துச் சொட்டுகிறது. நம் வீட்டு ஏசியின் பின்னால் சொட்டுமே, அதே சொட்டுதான். அந்தச் சொட்டை ஒரு துளிகூட விடாமல் சேர்த்து, கீழே இருக்கும் தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். ஆண்டுக்குச் சுமார் ஒன்றரைக் கோடி காலன்! "ஏசி தண்ணியா? வெறும் ஏசி தண்ணியா?" என்று பையன் பத்துத் தடவையாவது கேட்டிருப்பான். கீழே இறங்கியதும் நேராகப் போய்ப் புல்லைத் தொட்டுப் பார்த்தான்.

அந்தியில் நீரூற்று ஆட்டம். 275 மீட்டர் நீளத்துக்கு ஏரிக்குள் குழல்கள். லாஸ் வேகஸின் பெலாஜியோ நீரூற்றைச் செய்த அதே கலிஃபோர்னியா நிறுவனத்தின் கைவேலை. உயரமாகப் பாயும் நீரைக் குழாயழுத்தம் தள்ளுவதில்லை. அழுத்திவைத்த காற்று வெடித்துத் தள்ளுகிறது. அதனால்தான் பாட்டுக்கு நடுவில் வேட்டுப் போட்டதுபோல் "தும்" என்று சத்தம். சில குழல்களுக்கு அடியில் இயந்திரக் கை உண்டு, இடுப்பை ஒடிப்பதுபோல் ஒடிக்கும். 2025 ஏப்ரலில் ஏரியை வற்றவைத்துவிட்டுப் பழுது பார்த்தார்கள். ஐந்து மாதத்துக்கு மேல் ஆட்டமில்லை. "அப்ப வந்திருந்தா உனக்குப் பிடிச்சிருக்கும்க்கா, முழுசாப் பின்கட்டு" என்றான் தம்பி. பிறந்ததிலிருந்து பார்க்கிறவன், என்னைச் சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறான்.

மிராக்கிள் கார்டன் என்ற பூந்தோட்டத்தில் அம்மா முகம் சுண்டிப்போனதுதான் எதிர்பாராதது. 2013இல் காதலர் தினத்தன்று திறந்த தோட்டம். 72,000 சதுர மீட்டர். பதினைந்து கோடிப் பூ என்கிறார்கள். ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட பூவும் செடியுமாக ஒரு முழு ஏ380 விமானத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். பிள்ளைகள் வாய் பிளந்து நிற்க, அம்மா குனிந்து ஒரு பெட்டூனியாவை முகர்ந்தாள். அடுத்ததை முகர்ந்தாள். "வாசமே இல்லையேடி" என்றாள். "பதினஞ்சு கோடிப் பூ. ஒரு முழம் கட்டித் தலையில வைக்க வழியில்ல." காந்தி மார்க்கெட்டில் மல்லிகை உதிரி அளந்து வாங்கிப் பழகிய கைக்கு அது பெரிய ஏமாற்றம்தான்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூவுக்கு அடியில் கறுப்புக் குழாய்கள் நரம்புபோல் ஓடுகின்றன. சொட்டு நீர். அது நல்ல தண்ணீர்கூட இல்லை, ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரித்தது. தோட்ட வேலைக்காரர்கள் "டி.எஸ்.இ. தண்ணி" என்கிறார்கள். கோடையில் தோட்டத்தையே மூடிவிட்டு, அக்டோபர் வாக்கில் புதிதாக நட்டு, வேறு உருவங்களோடு திறப்பார்கள். ஒரு பூ வதங்குவதை நாம் பார்க்க முடியாது. அதற்குள் யாரோ வந்து தொட்டியை மாற்றிவிட்டிருப்பார். சாயந்தரம் கிளம்பும்போது அந்த யாரோக்களைப் பார்த்தோம். தொப்பியும் நாற்றுத் தட்டுமாக வந்துகொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் நின்று, ஒருவரிடம் தமிழிலேயே கேட்டாள்: "மல்லி வராதாப்பா இங்க?" அவருக்கு நேபாளமோ என்னவோ. புன்னகை செய்து தலையாட்டினார். வரும் என்றாரா வராது என்றாரா, தெரியவில்லை.

மெட்ரோவைப் பற்றிச் சுருக்கமாக. 2009 செப்டம்பர் 9, இரவு ஒன்பது மணி ஒன்பது நிமிஷம் ஒன்பதாவது நொடியில் தொடங்கி வைத்தார்கள். நம் ஜோசியர்கள்கூட இவ்வளவு கறாராக முகூர்த்தம் குறிப்பதில்லை. ஓட்டுநர் கிடையாது. நடைமேடையில் ரோஸ் நிறக் கோடு போட்டிருந்தால் அது பெண்களும் பிள்ளைகளும் ஏறும் பெட்டி. வீட்டுக்காரர் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு அதில் ஏறிவிட, தம்பி சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். "மாமா, இதுக்கும் நூறு திர்ஹம்!"

அதைவிட எனக்குப் பிடித்தது கழிமுகத்தைக் கடக்கும் அப்ரா படகு. பர் துபாயிலிருந்து தேய்ராவுக்கு ஒரு திர்ஹம். இருபது பேர் முதுகோடு முதுகாக உட்கார, படகோட்டி நடுவில் ஒரு குழிக்குள் நிற்கிறார். அக்கரையில் மரக்கலங்களில் டயரும் ஃபிரிட்ஜும் ஏறிக்கொண்டிருக்கின்றன. 1966 வரை இந்தத் துறையில் ரூபாய்தான் செல்லும். வளைகுடாவுக்கென்றே நம் ரிசர்வ் வங்கி 1959 முதல் தனி நோட்டு அச்சடித்தது. படகுக்காரருக்கு ஒரு திர்ஹம் கொடுத்துவிட்டு அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்து அம்மா பெருமூச்சு விட்டபோது இதைச் சொன்னேன். "அப்பவே வந்திருக்கலாம்" என்றாள்.

மார்கழி மாதம் என்பதால் ஒரு நாளாவது கோயிலுக்குப் போகவேண்டும் என்று அம்மா நச்சரிக்க, ஜெபல் அலியில் 2022இல் திறந்த கோயிலுக்குக் கிளம்பினோம். போகும் வழியில் கடற்பக்கம் வானத்தை முட்டும் புகைபோக்கிகள். தம்பி வண்டியை மெதுவாக்கினான்.

"டேய், வாரம் பூராக் கேட்டியே. அதோ."

பனி, பூ, நீரூற்று, இவன் ஓட்டும் குளிர் ஆறு எல்லாவற்றுக்கும் மடைத்தலை அதுதான். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. பக்கத்திலேயே மின்நிலையம். மின்சாரம் எடுத்தபின் மிச்சமாகும் சூட்டில் கடல்நீரைக் கொதிக்கவைத்து ஆவி பிடிக்கிறார்கள். இப்போது சவ்வு வழியாக அழுத்திப் பிழியும் முறையும் சேர்ந்திருக்கிறது. மீஞ்சூரில் நாம் 2010 முதல் செய்வது அதைத்தான். மீஞ்சூரின் அளவு நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர். துபாயின் மொத்த அளவுக்கு இருபது மீஞ்சூருக்கு மேல் வேண்டும். ஆறு இல்லை, ஏரி இல்லை, மழை ஆண்டுக்கு ஏதோ சில நாள். நகரம் குடிப்பது கிட்டத்தட்ட முழுக்கக் கடலைத்தான். இத்தனை பெரிய கோட்டை அடுப்பைப் பார்க்க ஒரு டிக்கெட், ஒரு வரிசை, ஒரு பொம்மைக் கடை வேண்டாமா? ஒன்றும் இல்லை. நாங்கள் மட்டும் காரை ஓரங்கட்டி நின்று, புகைபோக்கிகளைக் கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டு வந்தோம்.

கடைசி நாள் பாலைவனம். லஹ்பாப் பக்கத்துச் செம்மணல். மேடுகளில் ஏறுவதற்கு முன் எல்லா வண்டிகளும் ஓரிடத்தில் நின்றன. ஓட்டுநர்கள் இறங்கி, சக்கரத்துக்குச் சக்கரம் குந்தி உட்கார்ந்து, காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். ஸ்ஸ்ஸ் என்று நாற்பது சக்கரம் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதைக் கேட்டிருக்கிறீர்களா? காற்றைப் பாதியாகக் குறைத்தால் டயர் சப்பையாகி அகலமாக உட்காரும், மணலில் புதையாது. ஒட்டகத்தின் பாதம் செய்வதும் அதுதான். பிறகு நடந்ததை வர்ணிக்க எனக்குத் தெம்பில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் வீட்டுக்காரரும் குலதெய்வத்தை அழைத்தோம். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதுகுவலிக்காரர் யாரும் இதில் ஏறவேண்டாம். அம்மாவைத் தம்பியோடு வேறு வண்டியில், சமதளப் பாதையில் முகாமுக்கு அனுப்பியிருந்தோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முகாமில் அம்மாவைக் காணோம். கொஞ்சம் தள்ளி, மணலில் தனியாக நின்ற ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தம்பி திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டி, இது நம்ம வன்னி மரம்டி."

"இல்ல பெரியம்மா, இது காஃப். இந்த நாட்டோட தேசிய மரம்."

"பேரு என்ன வேணா வெச்சுக்கட்டும். விருத்தாசலம் கோயில்ல நிக்குதே, விஜயதசமிக்கு அம்பு போடுவாங்களே, அந்த வன்னி. இந்த எலை எனக்குத் தெரியாதா?"

அம்மா சொன்னது சரி. இரண்டும் ஒரே மரம்தான். தாவர நூலில் இரண்டுக்கும் ஒரே பெயர். அமீரகம் 2008இல் அதைத் தேசிய மரமாக அறிவித்தது. அதை வெட்டக் கூடாது, கிளை ஒடிக்கவும் கூடாது. பதினோரு வருஷம் அந்த மரத்தைத் தாண்டிப் போய்வந்தவன், "எங்கூருல இருக்குற மரமா இது?" என்று மேலும் கீழும் பார்த்தான். அம்மா ஒரு இலையையும் பறிக்கவில்லை. பட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

என் பையன் மரத்தைச் சுற்றி வந்தான். மணலைக் காலால் கிளறினான். கறுப்புக் குழாயைத் தேடுகிறான் என்று எனக்குப் புரிந்தது.

"மாமா, இதுக்குத் தண்ணி?"

"அதுவே தேடிக்கும்டா. வேரு முப்பது மீட்டர் வரைக்கும் கீழே போகும்."

"பிளான்ட் இல்லாமயா?"

"பிளான்ட் இல்லாம."

சூரியன் இறங்கியதும் குளிர் பிடித்துக்கொண்டது. பாலைவனத்துக்கு எதற்கு ஸ்வெட்டர் என்று திருச்சியிலேயே வைத்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். முகாமில் கொடுத்த தேநீர்க் கோப்பையை ஆளுக்கொன்று இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, ஒரே போர்வைக்குள் ஐந்து பேர் ஒடுங்கியிருந்தோம். மேடையில் சுழன்றாடியவரை யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பிய அன்று ராத்திரி ஒரு சத்தம். மார்கழிக் குளிரில் என் பிள்ளை படுக்கையறை ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு, கொல்லைப்புறத்தில் அதன் சொட்டுக் குழாய்க்குக் கீழே வாளி வைத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர் மின்கட்டணத்தைப் பற்றிக் கத்தினார். அம்மா இரண்டு போர்வையைப் போர்த்திக்கொண்டு, "விடுங்க மாப்ளே, ஒரு நாள்தானே" என்றாள்.

காலையில் பார்த்தால் வாளியின் அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர். பையன் அளந்து நோட்டில் குறித்துக்கொண்டான். அம்மா அதை வாங்கிக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, திண்ணையில் வந்து உட்கார்ந்து, வெற்றிலையின் முதுகில் சுண்ணாம்பைத் தடவ ஆரம்பித்தாள்.